வென்றவருக்குப் புள்ளி குறைந்தது ஏன்?

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூர் செந்தோசாவில் சென்னையின் குகேஷ் உலகச் சதுரங்கச் சாம்பியன் ஆனார். வயது 18. சீனாவின் டிங் லிரெனை 14 ஆட்டங்களில் 7.5-6.5 என்ற கணக்கில் வென்றார். உலகச் சதுரங்க அமைப்பான ஃபிடே அடுத்து வெளியிட்ட பட்டியலில் குகேஷின் ரேட்டிங் 2783இலிருந்து 2777க்கு இறங்கியிருந்தது. பட்டத்தைப் பறிகொடுத்த டிங்கின் ரேட்டிங்கோ 2728இலிருந்து 2734க்கு ஏறியிருந்தது.

கணக்கில் பிழை எதுவும் இல்லை. ஜெயித்ததற்கான பரிசு கோப்பையும் பணமும்தான். ரேட்டிங் என்பது அடுத்த ஆட்டம் எப்படிப் போகும் என்று சொல்லும் கணிப்பு. இணையத்தில் ஆடும் வியூக விளையாட்டை உருவாக்க நினைப்பவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ஆறு புள்ளி எங்கே போனது?

அமெரிக்காவில் குடியேறிய ஹங்கேரிக்காரரான ஆர்பாட் ஈலோ ஓர் இயற்பியல் பேராசிரியர். அவர் வகுத்த முறையை அமெரிக்கச் சதுரங்கச் சம்மேளனம் 1960இலும், ஃபிடே 1970இலும் ஏற்றுக்கொண்டன. இருவரின் ரேட்டிங்கும் சமமாக இருந்தால் ஆளுக்குப் பாதி வாய்ப்பு. 200 புள்ளி கூடுதலாக உள்ளவர் 100 ஆட்டத்தில் சுமார் 76 புள்ளி எடுப்பார். வித்தியாசம் 400 என்றால் சுமார் 91.

குகேஷுக்கும் டிங்குக்கும் இடையே வித்தியாசம் 55. ஃபிடே அட்டவணைப்படி குகேஷ் ஒவ்வோர் ஆட்டத்திலும் சராசரியாக 0.58 எடுக்க வேண்டும். 14 ஆட்டத்துக்கு 8.12. அவர் எடுத்தது 7.5. குறைந்த 0.62ஐப் பத்தால் பெருக்கினால் சுமார் ஆறு புள்ளி. அவரிடம் குறைந்தது அப்படியே டிங் கணக்கில் ஏறியது.

அந்தப் பத்துக்குக் கே எண் என்று பெயர். ஒரே முடிவுக்கு ரேட்டிங் எவ்வளவு அசைய வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. ஃபிடே புதியவருக்கு முதல் 30 ஆட்டம் வரை 40 வைக்கிறது; பிறகு 20; 2400ஐ ஒருமுறை தொட்டுவிட்டால் 10. புதியவரைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது, அதனால் வேகமாக நகர்த்து. பழையவரைப் பற்றி நிறையத் தெரியும், ஒரு தோல்விக்காக ஆடிப்போகாதே என்பதுதான் இதன் பொருள்.

புதியவரை எங்கே வைப்பது?

ஈலோ முறையில் ஒரு குறை உண்டு. ஆயிரம் ஆட்டம் ஆடி 1500இல் நிற்பவரும் இன்று காலை கணக்குத் திறந்து 1500 பெற்றவரும் அதற்கு ஒன்றுதான். 1995இல் புள்ளியியலாளர் மார்க் கிளிக்மன் உருவாக்கிய கிளிக்கோ முறை ரேட்டிங்கோடு இன்னோர் எண்ணையும் வைத்துக்கொள்கிறது. அது சந்தேகத்தின் அளவு. புதியவருக்கு 1500 கொடுக்கும்போதே, “இவர் 800ஆகவும் இருக்கலாம், 2200ஆகவும் இருக்கலாம்” என்றும் குறித்துவைக்கும். ஆட ஆடச் சந்தேகம் சுருங்கும். தேசிய சேவைக்குப் போய்ப் பல மாதம் கழித்துத் திரும்பி வந்தால் மறுபடி விரியும். லிச்செஸ் சதுரங்கத் தளத்தில் சிலருடைய ரேட்டிங்குக்குப் பக்கத்தில் நிற்கும் கேள்விக்குறி இந்தச் சந்தேகத்தைத்தான் காட்டுகிறது.

குழுவாக ஆடும் ஆட்டத்தில் சிக்கல் கூடும். ஐந்து பேர் சேர்ந்து ஜெயித்தால் யாருக்கு எவ்வளவு? மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸுக்காக உருவாக்கிய ட்ரூஸ்கில், குழுவின் முடிவிலிருந்து தனி ஆளின் திறமையைக் கணிக்கிறது. புதியவரின் திறமை 25 என்று வைத்து, அதிலிருந்து சந்தேக அளவின் மூன்று மடங்கைக் கழித்துத்தான் திரைக்குத் தருகிறது. அதனால் எல்லோரும் பூஜ்யத்தில் தொடங்குவதுபோலத் தெரியும். உள்ளே ஓர் எண், வெளியே வேறோர் எண்.

யாரோடு யாரைச் சேர்ப்பது?

சிங்கப்பூர் சைனாடவுனில் புத்தர் பல் ஆலயத்துக்குப் பக்கத்துச் சதுக்கத்தில் பெரியவர்கள் சீனச் சதுரங்கம் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே யார் எப்படி ஆடுவார் என்பது சுற்றி நிற்பவர்களுக்கே தெரியும். எதிரில் முகம் தெரியாத இணையத்தில் அந்த வேலையைச் சர்வர் செய்ய வேண்டும்.

வழக்கமான வழி இது. ‘ஆடு’ பொத்தானை அழுத்தியதும் உங்கள் ரேட்டிங்குக்கு 50 புள்ளி மேலும் கீழும் ஆள் தேடும். பத்து விநாடியில் கிடைக்காவிட்டால் 100. அப்புறம் 200. எத்தனை விநாடி, எத்தனை புள்ளி என்பதை ஆட்டத்துக்கு ஆட்டம் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பேரம் ஒன்றுதான்: சமமான எதிரி வேண்டுமென்றால் காத்திருக்க வேண்டும், உடனே வேண்டுமென்றால் கிடைத்த ஆளோடு ஆட வேண்டும்.

சிங்கப்பூரின் மொத்த மக்கள்தொகையே சுமார் 60 லட்சம். அதில் ஒரு குறிப்பிட்ட ஆட்டத்தை, ஒரு குறிப்பிட்ட நேரத்தில், உங்கள் தரத்தில் ஆடுபவர் எத்தனை பேர் இருப்பார்கள்? எல்லையைத் தாண்டித்தான் ஆள் தேட வேண்டும். நேர வித்தியாசம் இங்கே கைகொடுக்கும். லிட்டில் இந்தியாவில் நள்ளிரவு 12 மணி ஆகும்போது சென்னையில் இரவு 9.30; வரிசை நிறைந்திருக்கும் நேரம்.

ஆனால் தூரத்துக்கும் விலை உண்டு. 2002இல் சென்னையையும் சிங்கப்பூரையும் இணைத்த ஐ2ஐ கடலடிக் கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய்த் திரும்ப 32 மில்லிவிநாடி. எந்தப் பொறியாளராலும் இதைக் குறைக்க முடியாது. வழியில் உள்ள கருவிகள் இன்னும் கூட்டத்தான் செய்யும். முறை வைத்து ஆடும் சதுரங்கத்துக்கு இது ஒரு பொருட்டே இல்லை. மொபைல் லெஜண்ட்ஸ் போல நொடிக்கு நொடி மோதும் ஆட்டத்தில் இப்படிப் போய்த் திரும்பும் நேரமான பிங் நூறு மில்லிவிநாடியைத் தாண்டினால் “லேக் அடிக்குது” என்ற புலம்பல் தொடங்கிவிடும். ஆகவே இணை சேர்ப்பதற்கு முன் மூன்று எண்களையும் பார்க்க வேண்டும்: ரேட்டிங், காத்திருக்கும் நேரம், பிங்.

“வேணும்னே தோக்க வைக்குறான்!”

மூன்று ஆட்டம் ஜெயித்ததும் நான்காவதில் அடி விழுந்தால் ஆட்டக்காரர்கள் இப்படித்தான் சொல்வார்கள். ஜெயித்தால் ரேட்டிங் ஏறுகிறது. ஏறினால் வலுவான எதிரி வருகிறார். கடைசியில் வெற்றியும் தோல்வியும் பாதிப்பாதியில் வந்து நிற்கின்றன. சதி எதுவும் இல்லாமலே இது நடக்கும். நல்ல இணைசேர்ப்பில் பெரும்பாலோர் பாதி ஆட்டத்தில் தோற்பார்கள்.

ஆனால் பாதி நேரம் தோற்பவரை நாளைக்கும் வரவைப்பது எப்படி? அதற்காகத்தான் பட்டங்கள். மொபைல் லெஜண்ட்ஸில் வாரியரில் தொடங்கி எலைட், மாஸ்டர், கிராண்ட்மாஸ்டர், எபிக், லெஜண்ட் என்று மித்திக் வரை ஏறலாம். ஜெயித்தால் நட்சத்திரம் வரும். தோற்றால் போகும், ஆனால் சேர்த்து வைத்த காப்புப் புள்ளிகள் சில நேரம் அதைத் தடுத்துவிடும். எனவே பாதி ஜெயித்துப் பாதி தோற்பவரும் விடாமல் ஆடினால் மெல்ல மேலே போவார். சீசன் முடிந்ததும் எல்லோரையும் சில படி இறக்கிவிட்டு மறுபடி ஏறச் சொல்வார்கள். இது உழைப்புக்குக் கூலி. திறமையின் அளவு இல்லை. அப்படித் தெரிந்தே வைத்தால் தப்பும் இல்லை.

ரேட்டிங்கையும் பட்டத்தையும் பிரித்து வைத்தவர்களுக்கும் தலைவலி உண்டு. 2010இல் வந்த ஸ்டார்கிராஃப்ட் 2 உண்மையான ரேட்டிங்கை ஒளித்துவைத்து, லீக்கையும் புள்ளியையும் மட்டும் காட்டியது. எதை வைத்து ஏற்றுகிறார்கள், எதை வைத்து இறக்குகிறார்கள் என்று ஆட்டக்காரர்கள் ஊகித்துக்கொண்டே இருந்தார்கள். 2016இல் அந்த எண்ணையும் திரையில் காட்டிவிட்டார்கள்.

சின்னக் குழுவுக்கு

கல்லூரித் திட்டமாக ஓர் ஆட்டத்தை உருவாக்கி வெளியிடுகிறீர்கள் என்று வையுங்கள். ஒரே நேரத்தில் 300 பேர் இருக்கிறார்கள். 200 பேர் ஆட்டத்துக்குள், 100 பேர் வரிசையில். நான்கு வகை ஆட்டம் வைத்தால் வரிசைக்கு 25 பேர்தான். அதையும் இரண்டு சர்வராகப் பிரித்தால் பன்னிரண்டோ பதின்மூன்றோ. இதில் எந்தச் சூத்திரமும் சமமான எதிரியைக் கண்டுபிடிக்காது. முதலில் வகைகளைக் குறையுங்கள். தினம் இரவு ஒன்பது மணி என்று நேரம் குறித்து எல்லோரையும் ஒன்றாக வரச் சொல்லுங்கள். சதுரங்கப் போட்டிகளில் வழக்கமான ஸ்விஸ் முறையில், ஒவ்வொரு சுற்றிலும் அதுவரை ஒரே புள்ளி எடுத்தவர்களை மோதவிடுங்கள். ஒருவரையும் வெளியேற்ற வேண்டியதில்லை.

காலப்போக்கில் எண்களும் பொருள் மாறும். வேகமாக வளரும் பிள்ளைகள் குறைந்த ரேட்டிங்கில் நுழைந்து பெரியவர்களிடமிருந்து புள்ளியை எடுத்துக்கொண்டே போனால் கீழ்த்தட்டு முழுவதும் வற்றிவிடும். ஃபிடே 2024 மார்ச்சில் 2000க்குக் கீழே இருந்த ரேட்டிங்குகளை ஒரே நாளில் உயர்த்தியது. 1500 வைத்திருந்தவர் 1700 ஆனார். ரேட்டிங்கில் ஐம்பது ஆண்டு அனுபவமுள்ள அமைப்பே கைவைத்துத் திருத்த வேண்டியிருக்கிறது என்றால், உங்கள் ஆட்டத்துக்கும் அது தேவைப்படும்.

எப்போது திருத்த வேண்டும் என்று அறிய ஒரு சோதனை போதும். சர்வர் பதிவுகளில், ‘இவர் ஜெயிக்க 60 சதவீத வாய்ப்பு’ என்று கணிப்பு சொன்ன எல்லா ஆட்டங்களையும் எடுங்கள். நூற்றுக்கு அறுபதை ஒட்டி ஜெயித்திருந்தால் ரேட்டிங் சரி. எண்பது ஜெயித்திருந்தால் உங்கள் எண்கள் வித்தியாசத்தைக் குறைத்துச் சொல்கின்றன. ஐம்பது என்றால் கூட்டிச் சொல்கின்றன. எழுபதுக்கும் எண்பதுக்கும் இதையே செய்யுங்கள், மாதம் ஒருமுறை செய்யுங்கள். இதில் தேறிய பிறகு தங்கம், வைரம், மித்திக் என்று எந்தப் பட்டத்தை வேண்டுமானாலும் மேலே ஒட்டிக்கொள்ளலாம்.