தோற்றவர் கையிலும் ஒரு படி

2009 சனவரி 2 அன்று, மேற்கு ஆப்பிரிக்க நாடான கானாவின் ஆட்சி ஒரே ஒரு தொகுதியின் வாக்குகளை எதிர்நோக்கி நின்றது. தாயின் என்பது அத்தொகுதியின் பெயர். ஐந்து நாள்களுக்கு முன் நாடெங்கும் நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலின் இரண்டாம் சுற்றில், வாக்குச் சீட்டுச் சிக்கலால் அங்கு மட்டும் வாக்குப்பதிவு நடைபெறவில்லை. எஞ்சிய தொகுதிகளை எண்ணி முடித்தபோது, எதிர்க்கட்சி வேட்பாளர் ஜான் அட்டா மில்ஸ் ஆளுங்கட்சியின் நானா அக்குஃபோ-அடோவை 23,055 வாக்குகள் முந்தியிருந்தார். தாயினில் பதிவு பெற்ற வாக்காளர்களோ 50,000-க்கும் மேற்பட்டோர். ஆளுங்கட்சி அங்கு வாக்குப்பதிவைப் புறக்கணித்தது. அதைத் தடுக்க நீதிமன்றத்தையும் நாடிப் பார்த்தது. தலைநகர் அக்ராவில் தேர்தல் ஆணைய அலுவலகத்தின் முன் கூட்டம் திரண்டிருந்தது.

மறுநாள் ஆணையத் தலைவர் குவாட்வோ அஃபாரி-ஜியான் முடிவை அறிவித்தார். மில்ஸ் 45,21,032, அக்குஃபோ-அடோ 44,80,446. வேறுபாடு 40,586. ஆயிரம் வாக்குகளுக்கு நான்கரை வாக்கு என்ற அளவே இது. தோற்றவர் வென்றவரை வாழ்த்தினார். சனவரி 7 அன்று, ஆட்சியிலிருந்த குஃபோர் விலக, மில்ஸ் பதவியேற்றார். 1966, 1972, 1978, 1979, 1981 என ஐந்து முறை ஆட்சி படைக்கலத்தால் கைமாறிய நாட்டில் இது நிகழ்ந்தது.

இந்நிகழ்வைத் தலைவர்களின் பெருந்தன்மை என்று புகழ்ந்து நகர்ந்துவிடலாம். அப்பெருந்தன்மையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் அதை மட்டும் காரணமாகக் கொண்டால், இதே நாட்டில் 1992-இல் தோற்றவர்கள் ஏன் முடிவை ஏற்கவில்லை என்பதை விளக்க இயலாது. அன்று குடியரசுத் தலைவர் தேர்தல் களவாடப்பட்டது என்று குற்றஞ்சாட்டிய எதிர்க்கட்சிகள், அடுத்து வந்த நாடாளுமன்றத் தேர்தலையே புறக்கணித்தன. பதினாறு ஆண்டுகளில் மாந்தரின் இயல்பு மாறிவிடவில்லை. மாறியது எண்ணும் முறை.

தேர்தல் என்பது ஓர் அளவீடு. கோடிக்கணக்கான மக்களின் விருப்பத்தை ஒரே நாளில் அளந்து ஓர் எண்ணாக்கும் முயற்சி அது. எந்த அளவீட்டுக்கும் பிழை உண்டு என்பது இயற்பியலின் முதற்பாடம். அளந்தவரை நம்பாத ஒருவரும் அதே அளவீட்டைத் திரும்பச் செய்து அதே விடையைப் பெற இயல வேண்டும் என்பது இரண்டாம் பாடம். ஆய்வகத்தில் இதற்கு ஆய்வை மீண்டும் நடத்தினால் போதும். தேர்தலை மீண்டும் நடத்த இயலாது. நடத்தினால் மக்கள் வேறு மனநிலையில் இருப்பர். எனவே சான்றுகளைப் பல கைகளில் பகிர்ந்து வைப்பதே ஒரே வழி.

கானா கண்ட வழியும் அதுவே. 1994-இல் ஆணையமும் கட்சிகளும் கூடிப் பேசும் ஒரு கலந்தாய்வுக் குழு உருவாக்கப்பட்டது. 1996-இல் உள்ளிருப்பது வெளியே தெரியும் வாக்குப்பெட்டிகள் வந்தன. வாக்குப்பதிவு முடிந்ததும் அந்தந்தச் சாவடியிலேயே, எல்லோர் கண்முன்னும், சீட்டுகள் எண்ணப்படுகின்றன. முடிவைச் சாவடி அலுவலர் ஒரு படிவத்தில் எழுதிக் கையொப்பமிடுகிறார். கட்சி முகவர்களும் கையொப்பமிட்டு, ஆளுக்கொரு படியைப் பெற்றுச் செல்கின்றனர். அப்படிவத்தின் நிறத்தை வைத்து மக்கள் அதை இளஞ்சிவப்புத் தாள் என்றே அழைக்கின்றனர். 2008-இல் நாடு முழுவதும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட சாவடிகள் இருந்தன. அவற்றின் தாள்களை எல்லாம் திரட்டிக் கூட்டினால், ஆணையத்தின் துணையின்றியே எந்தக் கட்சியும் நாட்டின் முடிவைக் கணக்கிட்டுவிடலாம். மில்ஸ் எத்தனை வாக்கில் முந்துகிறார் என்பதைத் தோற்ற கட்சியால் தன் அலுவலகத்திலேயே கூட்டிப் பார்க்க முடிந்தது. எதிரி சொல்லும் எண்ணை நம்புவது கடினம்; தன் முகவர் கொண்டுவந்த எண்ணை மறுப்பது அதனினும் கடினம்.

இதற்குமேல் இன்னொரு காப்பும் 2008-இல் இருந்தது. உள்நாட்டுத் தேர்தல் பார்வையாளர் கூட்டமைப்பு ஒன்று, ஏறத்தாழ ஆயிரம் சாவடிகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, அவற்றின் முடிவுகளைத் தன் ஆள்கள் வழி உடனுக்குடன் பெற்று, நாட்டின் முடிவை இணையாக மதிப்பிட்டது. இங்கே புள்ளியியலின் அழகான உண்மை ஒன்று தொழிற்படுகிறது. மதிப்பீட்டின் துல்லியம், நாட்டில் எத்தனை சாவடிகள் உள்ளன என்பதைவிட, எத்தனை சாவடிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன என்பதையே பெரிதும் சார்ந்திருக்கிறது. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். ஆனால் அந்தச் சோறு பானையை நன்றாகக் கிளறிய பின் எடுக்கப்பட்டதாக இருக்க வேண்டும். குலுக்கல் என்பது அந்தக் கிளறல். ஒரு வேட்பாளரின் வாக்குப் பங்கு சாவடிக்குச் சாவடி 20 விழுக்காட்டுப் புள்ளிகள் அளவில் சிதறியிருப்பதாகக் கொள்வோம். ஆயிரம் சாவடிகளின் சராசரியில் அச்சிதறல் ஆயிரத்தின் வர்க்கமூலத்தால், அதாவது ஏறத்தாழ 32-ஆல் வகுபடும். இருபுறமும் ஒன்றேகால் புள்ளிக்குள் உண்மை அமைந்திருக்கும் என்று நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து உறுதியுடன் சொல்லலாம்.

அப்படியானால் அம்மதிப்பீட்டால் 2008-இன் வெற்றியாளரைச் சுட்ட இயன்றதா? இல்லை. மில்ஸ் பெற்றது 50.23 விழுக்காடு. பாதியைத் தாண்டிய அளவு கால் புள்ளிகூட இல்லை. மேற்கண்ட கணக்கின் பிழைவரம்போ அதைப்போல் ஐந்து மடங்கு. அறிவியலின் நேர்மை இங்கேதான் வெளிப்படுகிறது. இம்மதிப்பீட்டு முறை தன் அறியாமைக்கு எல்லை வரைந்து, அந்த எல்லைக்குள் வாய் மூடிக்கொள்கிறது. ஆனால் அறிவிக்கப்படும் எண் அவ்வரம்புக்கு வெளியே விழுந்தால், எங்கோ எண் புனையப்பட்டிருக்கலாம் என்று உரக்கச் சொல்லும். எந்தச் சாவடிகள் தேர்வாயின என்பது முன்கூட்டியே வெளிப்படாததால், ஏய்ப்பவர்க்கு எதைத் தவிர்ப்பது என்று தெரியாது. சிலியில் 1988 அக்டோபர் 5 அன்று, படைத்தலைவர் பினோசெட்டின் ஆட்சி நீடிக்கலாமா என்ற பொது வாக்கெடுப்பில், எதிர்ப்பாளர்கள் தாமே நடத்திய இணைக் கணக்கு அரசின் தயக்கத்தை மீறி உண்மையை அன்றிரவே நிலைநிறுத்தியது. வான்படைத் தலைவர் மாத்தெய் தம் தரப்பு தோற்றதைச் செய்தியாளரிடம் ஒப்புக்கொண்ட பின், முடிவை மறைப்பதற்கு வழியில்லாமற்போயிற்று.

கானாவின் கடுஞ்சோதனை 2012-இல் வந்தது. மில்ஸின் கட்சி வேட்பாளர் மகாமா 50.70 விழுக்காடு பெற்று வென்றதாக அறிவிக்கப்பட, அக்குஃபோ-அடோ உச்ச நீதிமன்றம் சென்றார். பதிவானோரினும் மிகுதியாக வாக்குகள், அலுவலர் கையொப்பமில்லாத படிவங்கள், விரல் ரேகை சரிபாராமல் போடப்பட்ட வாக்குகள் என்பன குற்றச்சாட்டுகள். சான்றாகக் குவிக்கப்பட்டவை ஆயிரக்கணக்கான இளஞ்சிவப்புத் தாள்கள். ஒன்பது நடுவர்களின் முன் நிகழ்ந்த உசாவல் தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பாயிற்று. கடைத்தெருவில் இருந்தவர்கள்கூடப் படிவத்தின் கட்டங்களைப் பற்றி வாதிட்டனர். 2013 ஆகத்து 29 அன்று மனு தள்ளுபடியானது. தீர்ப்போடு உடன்படவில்லை, ஆயினும் ஏற்கிறேன் என்ற கருத்தில் பேசிய அக்குஃபோ-அடோ, மகாமாவை வாழ்த்தினார். மாறுபட்ட கருத்தைக் கைவிடாமலே முடிவுக்குக் கட்டுப்பட்ட அந்நிலையை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். ஏற்பு என்பதற்கு மனநிறைவு தேவையில்லை என்பதை அது காட்டுகிறது. வென்ற தரப்பினரைவிடத் தோற்ற தரப்பினர் மக்களாட்சியின் மீது குறைந்த நிறைவே கொள்கின்றனர் என்பதைப் பல நாடுகளின் கருத்தாய்வுகளும் கண்டுள்ளன.

அரசியல் அறிஞர் ஆடம் பிரெசெவோர்ஸ்கி இதற்குத் தரும் விளக்கம் ஓர் எளிய கணக்கு. தோற்றவர் இன்று கலகம் செய்தால் பெறக்கூடியதையும், அடங்கி நின்றால் நாளை வெல்லும் வாய்ப்பையும் ஒப்பிடுகிறார். பின்னது பெரிதாக இருக்கும்வரை மக்களாட்சி தானே தன்னைத் தாங்கிக்கொள்ளும். அக்குஃபோ-அடோ 2016-இல் வென்றார். அன்று தோற்ற மகாமா 2024-இல் மீண்டு வந்தார். எதிர்த்து நின்ற ஆளுங்கட்சி வேட்பாளர் பவுமியா, முறையான அறிவிப்புக்கு முன்பே, வாக்குப்பதிவின் மறுநாளே தோல்வியை ஒப்புக்கொண்டார். தம் கட்சியின் சொந்தக் கணக்கே அவருக்கு முடிவைச் சொல்லிவிட்டது. ஆயினும் இக்கணக்கு நாளைய வாய்ப்பு மெய்யானது என்ற நம்பிக்கையின்றிச் செல்லாது. அந்நம்பிக்கையைத் தருவதும் எண்ணும் முறையே.

ஆட்சியைக் கைமாற்றும் பணியும் இவ்வாறே சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டது. 2009-இல் முடிவுக்கும் பதவியேற்புக்கும் இடையே கிடைத்தவை நான்கே நாள்கள். அரசு ஊர்திகள் யாருடையவை என்பது வரை பூசல் எழுந்தது. 2012-இன் மாற்றச் சட்டம், அரசுத் துறைகளின் ஒப்படைப்புக் குறிப்புகள் தேர்தலுக்கு முப்பது நாள் முன்பே அணியமாக வேண்டும் என்கிறது. வெல்வது யார் என்று எவர்க்கும் தெரியாத வேளையில் எழுதப்படும் குறிப்பில் பகை புகுவது அரிது.

அமைப்பு எங்கே முறியும் என்பதையும் கானாவே காட்டியிருக்கிறது. 2024-இல் குடியரசுத் தலைவர் பதவி அமைதியாகக் கைமாறிய அதே தேர்தலில், அக்ராவின் வட அப்லெக்குமா நாடாளுமன்றத் தொகுதியில் சாவடி முடிவுகளைக் கூட்டும் தொகுப்பு மையம் கலவரத்துக்குள்ளானது. மூலப்படிவங்களுக்கு மாற்றாக வந்த ஒளிநகல்களில் 19 சாவடிகளுக்கு உரியவற்றை எல்லாத் தரப்பும் ஏற்கும் வகையில் உறுதிசெய்ய இயலவில்லை. அத்தொகுதியின் உறுப்பினர் யார் என்பது முடிவாகாமலே ஏழு மாதங்கள் கழிந்தன. 2025 சூலை 11 அன்று அந்த 19 சாவடிகளில் மறுவாக்குப்பதிவு நடத்தப்பட்டது. அன்றும் அங்கே அடிதடி நிகழ்ந்தது.