டெஸ்ட்ல பாஸ், ரோட்டுல ஃபெயில்! கார் கம்பெனிகள் மின்சாரத்துக்கு மாறியது ஏன்?

மின்சாரக் கார் பற்றிப் பேச்சு எடுத்தாலே உடனே இரண்டு கட்சி உருவாகிவிடும். “புகையே இல்ல பாஸ்” என்பது ஒரு கட்சி. “கரன்ட் எங்கிருந்து வருது? நிலக்கரியை எரிச்சுத்தானே!” என்பது எதிர்க்கட்சி. ஆபீஸ் லன்ச் டேபிளில் ஆரம்பிக்கும் இந்தச் சண்டை முடிவதே இல்லை. ஏன்னா, இருவரும் ‘பொல்யூஷன்’ என்று ஒரே வார்த்தையைச் சொன்னாலும், பேசுவது இரண்டு வேறு விஷயங்களை. இதே குழப்பத்தில் ஐரோப்பா கிட்டத்தட்ட இருபது வருஷம் சிக்கிக் கிடந்தது. கார் கம்பெனிகள் பேட்டரி பக்கம் திரும்பிய கதையும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

காரின் புகைக்குழாயிலிருந்து வருவதில் முதலாவது, கார்பன் டை ஆக்ஸைடு. அது தெருவில் நிற்பவரை இரும வைக்காது. ஆனால், பூமியைச் சூடாக்கும். சென்னையில் வெளியானாலும் சிகாகோவில் வெளியானாலும் விளைவு ஒன்றுதான். இரண்டாவது, நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் நுண்துகள்களும். இவை சிக்னலில் நிற்பவர், ரோட்டோரம் கடை போட்டிருப்பவர், ஸ்கூல் வேனுக்குக் காத்திருக்கும் குழந்தை என்று பக்கத்தில் இருப்பவர்களின் நுரையீரலுக்குள் நேராகப் போகும்.

டீசலை நம்பிய ஐரோப்பா

1997-ல் கியோட்டோ ஒப்பந்தம் வந்தது. அடுத்த வருஷமே ஐரோப்பிய கார் கம்பெனிகள், கார்பன் டை ஆக்ஸைடைக் குறைப்பதாக ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வாக்குக் கொடுத்தன. அதற்கு அவை நம்பிய முக்கியமான ஆயுதம் டீசல். ஒரு லிட்டருக்குப் பெட்ரோலைவிட அதிக தூரம் ஓடும். கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டால் கார்பன் குறைவு. பல நாடுகள் டீசலுக்கு வரியையும் குறைத்தே வைத்திருந்தன. விளைவு, 2015 வாக்கில் மேற்கு ஐரோப்பாவில் விற்ற புதுக் கார்களில் பாதிக்கு மேல் டீசல்.

பூமிக்கு நல்லது என்று சொல்லி விற்ற அந்த வண்டிகள், தெருவில் நைட்ரஜன் ஆக்ஸைடைக் கொட்டின. அதைக் கட்டுப்படுத்தும் தொழில்நுட்பம் இருந்தது. ஆனால் அதற்குக் காசு ஆகும், மைலேஜும் கொஞ்சம் அடிவாங்கும்.

இங்கேதான் அமெரிக்காவின் வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஒரு சின்னக் குழு கதைக்குள் வருகிறது. ஐசிசிடி என்ற ஆய்வு அமைப்பு கொடுத்த சிறு தொகையில், புகையை அளக்கும் கருவிகளை டீசல் கார்களின் பின்னால் மாட்டி, கலிஃபோர்னியா ரோடுகளில் ஓட்டிப் பார்த்தார்கள். குழுவில் அரவிந்த் திருவேங்கடம், ஹேமந்த் கப்பண்ணா என்ற இரண்டு இந்தியர்களும் உண்டு. அவர்கள் எந்த மோசடியையும் தேடிப் போகவில்லை. அமெரிக்காவில் விற்கும் டீசல் கார்கள் எவ்வளவு சுத்தமாக ஓடுகின்றன என்று காட்டுவதுதான் திட்டம்! ஆனால் ஃபோக்ஸ்வாகன் ஜெட்டா, அனுமதித்த அளவைவிட 15 முதல் 35 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்ஸைடை வெளியிட்டது. பஸாட் காரில் 5 முதல் 20 மடங்கு. ஆய்வகச் சோதனையிலோ இரண்டுமே ஜம்மென்று பாஸ்.

எப்படி? இப்போது சோதனை நடக்கிறது என்பதை மோப்பம் பிடிக்கும் சாஃப்ட்வேர் காருக்குள் இருந்தது. சோதனை நேரத்தில் மட்டும் சுத்திகரிப்பு முழுவீச்சில் வேலை செய்யும். ரோட்டுக்கு வந்ததும் அடங்கிவிடும். 2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதை வெளியே சொன்னது. ஐந்தே நாளில் தலைமைச் செயல் அதிகாரி மார்ட்டின் வின்டர்கோர்ன் பதவி விலகினார். உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி வண்டிகளில் அந்த சாஃப்ட்வேர் இருந்தது தெரியவந்தது. அபராதம், இழப்பீடு, வழக்கு என்று ஃபோக்ஸ்வாகனுக்கு ஆன செலவு 3,000 கோடி யூரோவைத் தாண்டியது. அமெரிக்காவுடன் செய்துகொண்ட சமரசத்தின் ஒரு பகுதியாக, சார்ஜிங் வசதிகளுக்கு மட்டும் 200 கோடி டாலர் முதலீடு செய்ய அந்த கம்பெனி ஒப்புக்கொண்டது. டீசலில் ஏமாற்றியதற்குத் தண்டனையே கரன்ட்தான்!

மனசு மாறியதா, கணக்கு மாறியதா?

டீசல் வழி அடைபட்டது. ஆனால் கார்பன் விதி அப்படியே நின்றது, இன்னும் இறுகியது. 2020-21-ல் ஐரோப்பாவில் ஒரு கம்பெனி விற்கும் புதுக் கார்கள் சராசரியாகக் கிலோமீட்டருக்கு 95 கிராம் கார்பன் டை ஆக்ஸைடுக்குள் இருக்க வேண்டும் என்ற விதி அமலுக்கு வந்தது. தாண்டினால், ஒரு கிராமுக்கு 95 யூரோ வீதம், விற்ற ஒவ்வொரு காருக்கும் அபராதம். பத்து லட்சம் கார் விற்கும் கம்பெனி 10 கிராம் தாண்டினால் 95 கோடி யூரோ அவுட். பயத்தில் ஃபியட் கிரைஸ்லர் என்ன செய்தது தெரியுமா? தன் சராசரியைக் குறைத்துக் காட்ட, 2019-ல் போட்டிக் கம்பெனியான டெஸ்லாவுக்கே பணம் கொடுத்து அதன் கார்களைத் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டது.

காரணம், இந்தக் கணக்கில் மின்சாரக் காரின் மதிப்பு பூஜ்யம் கிராம். சட்டம் புகைக்குழாயை மட்டும்தான் பார்க்கிறது. மின் நிலையத்தின் புகைபோக்கியைப் பார்ப்பதில்லை. லன்ச் டேபிள் சண்டையின் வேர் இதுதான்.

இன்னொரு பக்கம் பேட்டரி விலை சரிந்தது. ப்ளூம்பெர்க்-என்.இ.எஃப் கணக்குப்படி 2010-ல் ஒரு கிலோவாட் மணி திறனுக்கு 1,000 டாலருக்கு மேல் இருந்த விலை, 2024-ல் சராசரியாக 115 டாலர். சீனாவின் பிஒய்டி பேட்டரி கம்பெனியாகப் பிறந்து கார் கம்பெனியாக வளர்ந்தது. 2022 மார்ச்சோடு பெட்ரோலில் மட்டும் ஓடும் கார்களைத் தயாரிப்பதையே நிறுத்தியது. உலகின் மிகப் பெரிய கார் சந்தை அந்தப் பக்கம் சாயும்போது, ஜெர்மன் கம்பெனிகள் ஒதுங்கி நிற்க முடியுமா? 2024-ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்ற புதுக் கார்களில் டீசலின் பங்கு சுமார் 12 சதவிகிதம். முழு மின்சாரக் கார்களின் பங்கு அதைவிட அதிகம். இந்தியாவில் மாருதி சுசூகி, 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்ததும் டீசலைக் கைகழுவியது.

நிலக்கரிக் கட்சி சொல்வது சரியா?

பாதி சரி. கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். நடுத்தர மின்சாரக் கார் ஒன்று 100 கி.மீ. ஓட சுமார் 15 யூனிட் எடுக்கும். இந்தியாவில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோவுக்குச் சற்று மேல் கார்பன் டை ஆக்ஸைடு என்கிறது மத்திய மின்சார ஆணையம். ஆக, 100 கி.மீ.க்கு சுமார் 11 கிலோ. லிட்டருக்கு 15 கி.மீ. தரும் பெட்ரோல் கார் அதே தூரத்துக்கு 15 கிலோவுக்கு மேல் விடும். கரன்ட் வயரில் வீணாவதையும், கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து பங்குக்குக் கொண்டுவரும் செலவையும் இரண்டு பக்கமும் சேர்த்தாலும், மின்சாரக் காரே முன்னால். ஆனால், விளம்பரத்தில் வரும் ‘ஜீரோ’ இல்லை.

பேட்டரி தயாரிப்பையும் சேர்க்க வேண்டும். 40 யூனிட் பேட்டரி செய்வதற்கே தோராயமாக 3 டன் கார்பன் டை ஆக்ஸைடு ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது, ஷோரூமிலிருந்து வெளியே வரும்போதே தலையில் கடன். மேலே சொன்ன வித்தியாசத்தில் அதை அடைக்க இந்தியாவில் 65,000 கி.மீ. போல ஓட வேண்டும். மின்சாரத்தின் பெரும்பகுதி நீர்மின் நிலையங்களிலிருந்து கிடைக்கும் நார்வேயில் 20,000 கி.மீ. போதும். அப்படின்னா, தினமும் ஓடும் டாக்ஸி ஓரிரு வருஷத்தில் கடனை அடைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கவர் கழற்றப்படும் மின்சாரக் காரால் பூமிக்குப் பெரிய லாபம் எதுவும் இல்லை.

ஐசிசிடி 2021-ல் வெளியிட்ட ஆய்வும் இதே திசையில்தான் இருக்கிறது. தயாரிப்பு முதல் கடைசி கி.மீ. வரை சேர்த்தால், பெட்ரோல் காரைவிட மின்சாரக் காரின் கார்பன் ஐரோப்பாவில் 66-69 சதவிகிதம் குறைவு. இந்தியாவில் 19-34 சதவிகிதம்.

இது முதல் விஷயத்தின் கணக்கு. இரண்டாவது, மூச்சுக்குள் போகும் புகை. இதில் அண்ணா சாலைக்கு லாபம் சந்தேகமே இல்லை. டயர் தேய்மானத் தூசு மிஞ்சும்; பேட்டரி எடையால் அது கொஞ்சம் கூடவும் செய்யலாம். ஆனால், எண்ணூர், அத்திப்பட்டு பக்கம் போய் இதைச் சொல்ல முடியாது. அங்கே அனல்மின் நிலையங்களின் சாம்பல் கொசஸ்தலை ஆற்றிலும் கழிமுகத்திலும் கலப்பதை எதிர்த்து மீனவர்கள் பல வருஷமாகப் போராடுகிறார்கள். பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். கந்தகப் புகையைப் பிடிக்கும் கருவிகளை அனல்மின் நிலையங்களில் பொருத்த வேண்டும் என்று வழிசெய்த விதி 2015-லேயே வந்தது. கெடு பலமுறை தள்ளிப்போனது. கடைசியில், 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கொடுத்துவிட்டது மத்திய அரசு. நிலக்கரிக் கட்சி ஆட்கள் கோபப்பட வேண்டிய இடம் பக்கத்து சீட்டுக்காரரின் மின்சாரக் கார் அல்ல, இந்த விலக்கு.

அதுவரை என்ன செய்வது? கரன்ட் எப்போது எடுக்கிறோம் என்பதும் கணக்கை மாற்றும். பகலில் கிரிட்டில் சூரிய மின்சாரம் நிறைய. தமிழ்நாட்டில் ஆடிக் காற்று சீசனில் காற்றாலை மின்சாரமும் சேரும். ராத்திரியில் சுமை நிலக்கரி மீதே ஏறுகிறது. பொது சார்ஜிங் நிலையங்களுக்கு காலை 9 முதல் மாலை 4 மணி வரை மின்கட்டணத்தைக் குறைத்தும், மற்ற நேரம் கூட்டியும் வைக்கச் சொல்கிறது 2024-ன் மத்திய அரசு வழிகாட்டுதல். ஆனால், பெரும்பாலானோர் சார்ஜ் போடுவது வீட்டில், ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போகும்போது. தமிழ்நாட்டில் அந்த வீட்டு மின்பில்லில் பகலும் இரவும் ஒரே விலைதான்.