மலைமுகிலும் மழையாய்வும்

கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார் வள்ளுவர். ஏரியையும் கிணற்றையும் நம்பி வாழும் திருவண்ணாமலை வட்டார உழவர்க்கு அவ்வரிசையின் பொருள் எளிதில் விளங்கும். வறட்சி வரும்போதெல்லாம், "அண்ணாமலையின் உச்சியில் தங்கும் முகிலைச் செயற்கையாய்ப் பெய்விக்கலாகாதா?" என்னும் வினா நம்மிடையே எழுவதுண்டு. அவ்வினாவிற்கு அறிவியல் தரும் விடையை ஈண்டுக் காண்போம்.

செயற்கை மழை என்னும் பெயரே நம்மை மயங்கச் செய்கின்றது. இல்லாத முகிலை எக்கருவியாலும் படைக்க இயலாது. இருக்கும் முகிலைத் தூண்டவே இயலும். முகிலின் நீர்த்துளி மிக நுண்ணியது. அத்தகைய துளிகள் ஏறத்தாழ 10 இலட்சம் ஒன்றுகூடினால்தான் ஒரு மழைத்துளி உருவாகும். அக்கூட்டத்தை விரைவுபடுத்துவதே மேக விதைப்பு ஆகும்.

1946ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வின்சென்ட் ஷேஃபர் உலர்பனிக்கட்டியைக் கொண்டும், பெர்னார்டு வானகட் வெள்ளி அயோடைடைக் கொண்டும் குளிர்ந்த நீர்த்துளிகளைப் பனித்துகள்களாக மாற்ற முடியும் எனக் கண்டனர். குளிர்நாடுகளில் மலைச்சரிவில் அடுப்புப் போன்ற கருவிகளை நிறுவி வெள்ளி அயோடைடுக் கரைசலை எரிப்பர். சரிவின்மேல் ஏறும் காற்று அப்புகையை முகிலுக்குள் கொண்டு சேர்க்கும். 2017ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஐடஹோ மலைகளில் விமானம் வழியே அதனைத் தூவியபோது, விமானம் சென்ற வழியிலேயே பனிப்பொழிவுக் கோடுகள் தோன்றியதை மலையுச்சி ரேடார்கள் பதிவு செய்தன.

இம்முறையை நம் மலைக்கு அவ்வாறே கொணர இயலுமா? இயலாது. வெள்ளி அயோடைடு பணிபுரிய முகிலின் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இருத்தல் வேண்டும். நம் நாட்டுத் தென்பகுதியில் அந்நிலை ஏறத்தாழ 5,000 மீட்டர் உயரத்திலேயே தொடங்குகின்றது. அண்ணாமலையின் உயரமோ 814 மீட்டர். நீலகிரியின் தொட்டபெட்டாவும் 2,637 மீட்டரே. எனவே நம் மலைகளைத் தழுவுவன வெம்முகில்களே. இவற்றிற்கு ஈரத்தை ஈர்க்கும் உப்புத்துகள்களே ஏற்றவை. 1970களில் திருவள்ளூர்ப் பகுதியில் புனே வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தார் நிகழ்த்திய ஆய்வும் உப்பைக் கொண்டதேயாகும்.

ஆயினும், தூவுதலினும் அளத்தலே அரிய பணி. இதற்கெனவே அந்நிறுவனம் 2012ஆம் ஆண்டில் மேற்குத் தொடர்ச்சி மலையின் மகாபலேசுவரத்தில் ஓர் உயர்மலை முகில் ஆய்வகத்தை நிறுவியது. மழைக்காலத்தில் முகில் அவ்வாய்வகத்தையே தழுவிச் செல்லும். முகில்துளி உருவாகத் தக்க தூசுகளை எண்ணும் கருவி, விழும் துளிகளின் பருமனை அளக்கும் கருவி, வானின் ஈரத்தையும் வெப்பத்தையும் உயரவாரியாக உணரும் நுண்ணலைக் கருவி ஆகியன அங்கே அமைக்கப்பட்டன.

இத்துணைக் கருவிகள் எதற்கு? விதைத்தபின் மழை பெய்தது என்பதனாலேயே விதைத்ததனால் பெய்தது என்றாகாது. அம்முகில் தானாகவே பெய்திருக்கவும் கூடும். எனவே ஒத்த முகில்களில் சிலவற்றை விதைத்தும் சிலவற்றை விடுத்தும் ஒப்பிடல் வேண்டும். 2018, 2019ஆம் ஆண்டுகளில் சோலாப்பூரில் விமானம், ரேடார், மழைமானிகள் ஆகியவற்றுடன் 276 முகில்கள் இவ்வாறு ஆராயப்பட்டன. விதைத்த இடத்தின் காற்றுவழியில் 100 சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் மழை ஏறத்தாழ 18 விழுக்காடு மிகுந்தது என்பது 2023இல் வெளியான முடிபு.

இம்மிகுதி தக்க முகில்கள் வாய்த்தபோது கிடைத்தது. முகிலற்ற கொடுவறட்சியில் விதைப்பதற்கே ஒன்றுமில்லை. ஆகவே மேக விதைப்பு நல்ல பருவத்தின் துணையேயன்றி வறட்சிக்கு மருந்தன்று. பெய்யுங்கால் ஏரியையும் வரத்துக்கால்வாயையும் காத்து நீரைத் தேக்குதல் எந்த ஆய்வின் முடிவிற்கும் காத்திராத கடமையாகும்.

அளத்தலுக்கோ மலையுச்சி ஆய்வகம் வேண்டுவதில்லை. கல்லூரி வளாகத்தின் திறந்த வெளியில் ஒரு மழைமானியை நிறுவி, நாள்தோறும் காலை 8.30 மணிக்கு மாணவர் குறித்துவரின், ஊர் மழையின் உண்மைக் கணக்கு உருவாகும். நாளை எவரேனும் மழையைக் கூட்டினோம் என்று கூறின், "எதனினும் கூடிற்று?" என்று வினவ அக்கணக்கு நமக்கு உதவும்.