புது ரேம் வாங்கினீங்களா? ரிட்டர்ன் நாள் முடியறதுக்குள்ள டெஸ்ட் பண்ணிடுங்க

பணத்தைப் பத்திப் பேசுற பக்கத்துல ரேம் எதுக்குன்னு யோசிக்கிறீங்களா? காரணம் அதோட விலை. உலகத்துக்கே ரேம் சிப் தயாரிச்சுக் கொடுக்கிறது முக்கியமா மூணு கம்பெனிதான்: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். ஏஐ டேட்டா சென்டர்கள் அவங்க சரக்கை அள்ளிட்டுப் போக ஆரம்பிச்சதும், 2025 கடைசியில சாதாரண ரேமோட விலையும் கிடுகிடுன்னு ஏறிச்சு. அதே டிசம்பர்ல மைக்ரான், தன்னோட க்ரூஷியல் பிராண்டு ரேமைப் பொதுமக்களுக்கு விற்கிற தொழிலை விட்டு வெளியேறுவதா அறிவிச்சது. ஒரு காலத்துல சில்லறைச் செலவா இருந்த ரேம், இப்போ இஎம்ஐ போட யோசிக்க வைக்கிற பொருள். அதனால வாங்கினதைச் சரியா சோதிக்கிறதும் சேமிப்புதான்.

முதல்ல: உங்களுக்கு வேகம் தேவையா, அளவு தேவையா?

வீட்லேருந்து வேலை, எக்செல், டேலி, இருபது குரோம் டேப், நடுவுல ஒரு மீட்டிங். இதுதான் உங்க நாள்னா, வேகத்தை விட அளவுதான் முக்கியம். 8 ஜிபியிலேருந்து 16 ஜிபிக்குப் போனா கண்ணுக்குத் தெரியும். 3200-லேருந்து 3600-க்குப் போனா பெரும்பாலும் தெரியாது.

ஒரு சின்ன கணக்கு. சிஎல் நம்பரை 2000-ஆல பெருக்கி, ரேம் ஸ்பீடால வகுங்க. வர்றது நானோ செகண்டுல தாமதம்.

- டிடிஆர்4 3200, சிஎல்16: 10 நானோ செகண்டு
- டிடிஆர்4 3600, சிஎல்18: அதே 10
- டிடிஆர்5 6000, சிஎல்30: அதுவும் 10
- டிடிஆர்5 4800, சிஎல்40: சுமார் 16.7

பெட்டி மேல பெரிய நம்பர் இருக்குன்னு கூடுதலா 2,000 ரூபாய் கொடுக்கறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க.

இன்னொண்ணு. 16 ஜிபி ஒரே ஸ்டிக்கா வாங்கறதை விட 8 ஜிபி ரெண்டா வாங்கினா டூயல் சேனல் கிடைக்கும். டிடிஆர்4 3200-ல ஒரு சேனலுக்கு நொடிக்கு 25.6 ஜிபின்னா, ரெண்டுக்கும் சேர்த்து 51.2 ஜிபி. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாம ரைசன் ஜி சீரிஸ் மாதிரி சிப்ல கேம் ஆடுறவங்களுக்கு இது பெரிய வித்தியாசம்.

பெட்டி வந்ததும்

1. பிரிக்கும்போதே வீடியோ எடுங்க. பில், சீரியல் நம்பர், ஸ்டிக்கர் மூணும் ஒரே வீடியோவுல வரணும்.
2. மாட்டின பிறகு சிபியு-இசட் சாஃப்ட்வேர்ல எஸ்பிடி பக்கத்தைப் பாருங்க. கம்பெனி பேரும் அளவும் ஸ்டிக்கரோட ஒத்துப்போகணும்.
3. எதையும் மாத்தாம, அப்படியே டெஸ்ட் போடுங்க.

டெஸ்டுக்கு மெம்டெஸ்ட்86 போதும். பென்டிரைவ்ல ஏத்தி, விண்டோஸுக்குள்ள போகாம நேரா அதுலேருந்தே பூட் பண்ணணும். இலவசப் பதிப்புல ஒரு தடவைக்கு 4 பாஸ் வரைக்கும் ஓடும். பல மணி நேரம் ஆகும், அதனால ராத்திரி போட்டுட்டுத் தூங்குங்க. நடுவுல கரண்ட் போனா பயப்பட வேணாம், மறுபடி ஆரம்பிச்சா போதும். ஆனா பயாஸ் அப்டேட் மட்டும் யூபிஎஸ் இல்லாம பண்ணாதீங்க. பாதியில கரண்ட் போனா போர்டே போயிடலாம்.

ரிசல்ட்ல ஒரே ஒரு எரர் வந்தாலும் அது ஃபெயில்தான். "ஒண்ணுதானே"ன்னு விடாதீங்க. கெட்ட ரேம் எப்பவும் நீலத் திரை காட்டிச் சொல்லாது. சத்தமில்லாம ஒரு ஃபைலைக் கெடுத்துட்டுப் போயிடும். மாசக் கடைசி அக்கவுண்ட்ஸ் ஷீட்டோ, கல்யாண போட்டோவோ கெட்டுப்போனது ஆறு மாசம் கழிச்சுத்தான் தெரியும்.

அடுத்தது ஓவர்கிளாக்

3200-ன்னு வாங்கின ரேம், மாட்டினதும் 2133 அல்லது 2400-ல ஓடலாம். டாஸ்க் மேனேஜர்ல மெமரி பக்கத்துல பாருங்க. இது பழுது இல்ல. பெட்டியில இருக்கிற ஸ்பீடு வர, பயாஸ்ல இன்டெல் போர்டா இருந்தா எக்ஸ்எம்பி, ஏஎம்டி டிடிஆர்5 போர்டா இருந்தா எக்ஸ்போ ஆன் பண்ணணும். காசு கொடுத்து வாங்கின வேகத்தை ஆன் பண்ணாமலே வருஷக்கணக்கா ஓட்டுறவங்க நிறைய பேர்.

ஆன் பண்ணின பிறகு மறுபடி முழு டெஸ்ட். இப்போ எரர் வந்தா உடனே ரேமைக் குறை சொல்ல முடியாது. சிபியுவுக்குள்ள இருக்கிற மெமரி கன்ட்ரோலரோ, போர்டோ அந்த ஸ்பீடைத் தாங்காம இருக்கலாம். ஸ்டிக்கைக் கழட்டி மாட்டிப் பாருங்க, ஒரு படி ஸ்பீடைக் குறைச்சுப் பாருங்க. சாதாரண ஸ்பீடுலயே எரர் வந்தா, ஒவ்வொரு ஸ்டிக்கா தனியா சோதிச்சு, எது கெட்டதுன்னு கண்டுபிடிச்சுத் திருப்பி அனுப்புங்க.

அதுக்கும் மேல, வோல்டேஜை ஏத்தி கையால ஓவர்கிளாக் பண்ணலாமா? டிடிஆர்4-க்கு வழக்கமான வோல்டேஜ் 1.2, எக்ஸ்எம்பியில பெரும்பாலும் 1.35. அதைத் தாண்டிப் போறது பொழுதுபோக்கு, சேமிப்பு இல்ல. சித்திரை வெயில்ல ஏசி இல்லாத ரூம்ல, மார்கழியில நிலையா ஓடின செட்டிங் தடுமாறலாம். முக்கியமா, எக்ஸ்எம்பி, எக்ஸ்போவையே கம்பெனிகள் ஓவர்கிளாக்காத்தான் கணக்கு வைக்கிறாங்க. அதனால சிபியு வாரன்டி பாதிக்கப்படலாம்னு இன்டெலும் ஏஎம்டியும் எழுதியே வெச்சிருக்காங்க. தெரிஞ்சு பண்ணுங்க.

வாங்கறதுக்கு முன்னாடி ஒரு எச்சரிக்கை: எச்610 சிப்செட் போர்டுல மெமரி ஓவர்கிளாக் கிடையாது. சிபியு ஆதரிக்கிற ஸ்பீடோட நின்னுடும். அதுல வேகமான ரேம் போடறது காசுக்குக் கேடு. பி660-ல அந்த வசதி உண்டு. லேப்டாப்ல பெரும்பாலும் இந்த செட்டிங்கே இருக்காது.

எங்க வாங்கறது?

கீழ ராஜ வீதியிலயோ அறந்தாங்கியிலயோ இருக்கிற கடையில ஆன்லைனை விடக் கொஞ்சம் கூட இருக்கலாம். ஆனா பழுதுன்னா நேர்ல போய் நிக்கலாம். திருச்சியோ சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டோன்னா பஸ் காசு, ஒரு நாள் லீவு ரெண்டையும் விலையோட கூட்டிப் பாருங்க. ஆன்லைன்னா ரிட்டர்ன் எத்தனை நாள், ரீஃபண்டா மாத்திக் கொடுப்பாங்களான்னு வாங்கும் முன்னாடியே படிங்க. விலை ஏறிட்டே இருக்கும்போது ரீஃபண்டு உங்களுக்கு நஷ்டம். பழைய விலைதான் கைக்கு வரும், புது விலைக்கு வாங்கணும். முடிஞ்சவரைக்கும் மாற்றுப் பொருளே கேளுங்க.

நோ காஸ்ட் இஎம்ஐ போட்டா, வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி, பல பேங்க்ல பிராசசிங் ஃபீ வேற உண்டு. அதையும் சேர்த்துக்கோங்க.

கடைக்காரர் மாத்தித் தரலைன்னா?

முதல்ல டெஸ்ட் போட்டோவோட இமெயில் அனுப்புங்க. பதில் இல்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுக்கும் மசியலைன்னா, பொருள் வாங்கினது பெங்களூருல இருந்தாலும் புதுக்கோட்டை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துலயே வழக்குப் போடலாம். நீங்க குடியிருக்கிற அல்லது வேலை பார்க்கிற ஊர்லயே போடற உரிமையை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கொடுத்திருக்கு. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது. 2 வருஷத்துக்குள்ள போடணும்.

சுருக்கமா: வீடியோ, சாதாரண ஸ்பீடுல ஒரு டெஸ்ட், எக்ஸ்எம்பியில ஒரு டெஸ்ட். மொத்தம் ரெண்டு ராத்திரி. ரிட்டர்ன் கடைசித் தேதியை இப்பவே போன்ல அலாரம் வெச்சிடுங்க. உங்க போர்டு, ரேம் மாடலை கமெண்ட்ல போடுங்க, அடுத்த வீடியோவுல சேர்த்துப் பார்ப்போம்.