பருத்தி மாறும் மரவள்ளித் திப்பியும்: சோதனைச்சாலைக்கு மாதிரி அனுப்பும் முறை

நமது தருமபுரி மாவட்டத்தில் மரவள்ளி பயிரிடும் அங்கத்தினர்களிடம் ‘பாயிண்ட்’ என்ற சொல்லை உச்சரித்துப் பாருங்கள். ஒரு நாழிகைக்குக் குறையாமல் பேசுவார்கள். மில்லில் சில கிழங்குகளை எடுத்து, நீரில் அமிழ்த்தி நிறுத்து, மாவுச்சத்து இத்தனை பாயிண்ட் என்று முடிவு கட்டுகிறார்கள். மாவு மிகுந்த கிழங்கு நீரினும் கனமானது. ஆதலால் நீருக்குள் அதன் எடை கூடுதலாகக் காட்டும் என்பதே அதன் தத்துவம். தத்துவத்தில் பிழையில்லை. ஆனால் லாரி முழுவதற்கும் விலை வைப்பவை அந்தச் சில கிழங்குகளே. அவை எந்த மூட்டையிலிருந்து, யாருடைய கையால் எடுக்கப்பட்டன என்பதில்தான் சச்சரவு பிறக்கிறது.

கிழங்குக்கு உள்ள இந்த நிலை இனிப் பயிர்க் கழிவுக்கும் வரும். 2018ஆம் ஆண்டில் மத்திய அரசு தேசிய உயிரி எரிபொருள் கொள்கையை வெளியிட்டது. 2021 அக்டோபரில், அனல் மின் நிலையங்கள் நிலக்கரியோடு பயிர்க் கழிவு உருண்டைகளையும் சேர்த்து எரிக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. 2022 ஆகஸ்டில் ஹரியானாவிலுள்ள பானிபட்டில் நெல் வைக்கோலிலிருந்து எத்தனால் வடிக்கும் ஆலையை இந்தியன் ஆயில் நிறுவனம் தொடங்கியது. நமது பக்கத்தில் கரும்புச் சக்கை ஆலைக் கொதிகலனுக்கு எரிபொருளாவது பாலக்கோடு, கோபாலபுரம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளின் பங்குதாரர்களுக்குப் புதிய செய்தியன்று. பருத்தி மாறு, துவரை மாறு, மரவள்ளித் தண்டு, திப்பி ஆகியவற்றிற்கு விலை கேட்டு எவரேனும் சங்கத்தின் படியேறினால், அவர் முதலில் கேட்பது மாதிரியும் சோதனை அறிக்கையுமாகவே இருக்கும்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. ‘கழிவு’ என்ற சொல்லை நாம் அவ்வளவாக விரும்புவதில்லை. கேழ்வரகுத் தாள் கழிவன்று, மாட்டின் உணவு. பருத்தி மாறு பல வீடுகளில் அடுப்பு விறகு. மாட்டுக்கும் அடுப்புக்கும் போக எஞ்சுவதையே சங்கம் கணக்கிலெடுக்க வேண்டும். காட்டிலேயே கொளுத்தி விடும் பகுதி எவ்வளவு என்பதை அங்கத்தினர்களே அறிவர்.

நிற்க. மாதிரி எடுப்பதில் செய்யும் சிறு அசட்டை எவ்வளவு பெரிய நஷ்டத்தில் கொண்டு விடும் என்பதற்குக் கற்பனையாக ஒரு கணக்குப் பார்ப்போம். ஈரம் நீங்கிய எடையில் 100 டன் பருத்தி மாறு தருவதாக ஒரு சங்கம் ஒப்பந்தம் செய்கிறது. குவியலின் மேற்புறத்தில் வெயிலில் காய்ந்து கிடந்த குச்சிகளை மாதிரியாக அனுப்பியதில், ஈரம் 10 சதவிகிதம் என்று அறிக்கை வந்தது. அப்படியானால் 111 டன் ஏற்றினால் போதும். ஆனால் குவியலின் நடுவும் அடியும் சேர்ந்த சராசரி ஈரம் உண்மையில் 30 சதவிகிதம். இப்போது தேவைப்படுவது 143 டன். மிச்சம் 32 டன்னை எங்கே தேடுவது? அதற்கான வெட்டுக் கூலியையும் லாரி வாடகையையும் எவர் தலையில் ஏற்றுவது? பொதுப்பேரவையில் இக்கேள்வி எழும்போது நிர்வாகக் குழுவினர் பதில் சொல்லத் திணறுவர்.

ஆகவே மாதிரி என்பது குவியல் முழுவதின் சுருக்கமாக இருத்தல் வேண்டும். ஒரே வயலிலிருந்து எடுப்பது தகாது. பல அங்கத்தினர்களின் நிலங்களிலிருந்தும், ஒவ்வொரு குவியலிலும் மேல், நடு, அடி என்ற மூன்று இடங்களிலிருந்தும் எடுக்க வேண்டும். மாறு எனில் வேர்ப்பக்கம், நடுத்தண்டு, நுனிக்கிளை, காய் ஓடு யாவும் விற்கப்படும் விகிதத்திலேயே மாதிரியிலும் இருக்க வேண்டும். பட்டையின் சேர்க்கை வேறு, உள்மரத்தின் சேர்க்கை வேறு. எல்லாவற்றையும் விரற்கடை நீளத்துக்கு வெட்டி, நன்கு கலந்து, கூம்பாகக் குவித்து, தட்டையாக்கி, நான்கு கூறுகளாகப் பிரியுங்கள். எதிரெதிரான இரண்டு கூறுகளை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் தள்ளி விடுங்கள். வேண்டிய அளவு சுருங்கும் வரை இதனைத் திரும்பத் திரும்பச் செய்யலாம். கைப்பிடியாக அள்ளி எடுப்பதில் கண்ணும் கையும் நல்லதையே நாடும். நாற்கூறிடுவதில் அந்தப் பட்சபாதம் இல்லை.

நமது செம்மண்ணைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். வேரோடு பிடுங்கிய மாற்றில் மண் ஒட்டியிருக்கும். ஒரு கிலோ மாதிரியில் 50 கிராம் மண் கலந்தால், சாம்பல் கணக்கு ஏறத்தாழ 5 சதவிகிதம் உயர்ந்துவிடும். சாம்பல் மிகுந்தால் கொதிகலனில் கட்டி பிடிக்கும். சாண எரிவாயுக் கலன் போன்றவற்றில் மணல் அடியில் தங்கும். வாங்குபவர் விலையைக் குறைப்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை. மண்ணை உதறி எடுங்கள்; கழுவ வேண்டாம், நீரில் கரையும் சத்து போய்விடும். கேழ்வரகையும் கொள்ளையும் தார்ச்சாலையில் பரப்பி, வண்டிச் சக்கரங்களைக் கொண்டு அடித்தெடுக்கும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. அதன் நல்லது கெட்டது பற்றி வேறொரு சமயம் பேசலாம். சோதனைக்குரிய மாதிரியை மட்டும் அங்கே உலர்த்தவே கூடாது.

உலர்த்துமுன் பச்சை எடையை நிறுத்துக் குறிப்பது தலையாய கடமை. இதனை விட்டுவிட்டால் பின்னர் எந்த விஞ்ஞானியாலும் அதை மீட்டுத் தர இயலாது. உதாரணமாக, 1,000 கிராம் பச்சை மாறு நிழலில் உலர்ந்து 620 கிராம் ஆயிற்று என்க. சோதனைச்சாலையில் அதில் இன்னும் 8 சதவிகிதம் ஈரம் இருப்பதாகக் கண்டால், முற்றிலும் உலர்ந்த பொருள் சுமார் 570 கிராம். வயலில் இருந்த ஈரம் 43 சதவிகிதம். அந்த 1,000 என்ற எண் குறிக்கப்படவில்லையெனில், அறிக்கையில் 8 என்பது மட்டுமே நிற்கும்.

அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் கோல்டன் நகரிலுள்ள, அப்போது தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வுக்கூடம் என்று அழைக்கப்பட்ட நிறுவனம் 2008இல் வெளியிட்ட செய்முறை பல நாடுகளில் பின்பற்றப்படுகிறது. அதன்படி, மாதிரியைத் தடித்த குவியலாக இன்றிப் பரப்பி, நாள்தோறும் ஒருமுறையேனும் கிளறி, ஈரம் 10 சதவிகிதத்திற்குக் கீழ் வரும் வரை காற்றில் உலர்த்தலாம். மழைக்காலத்தில் அடுப்புப் பெட்டியில் உலர்த்த நேர்ந்தால் உஷ்ணம் 45 டிகிரி சென்டிகிரேடு அளவைத் தாண்டலாகாது. விரைவில் காய வேண்டுமென்று சூட்டை ஏற்றினால், சர்க்கரையும் புரதமும் சிதைந்து புதிய பொருள்களாகி, பகுப்பாய்வில் லிக்னின் என்ற மரப்பொருளின் கணக்கிலே சேர்ந்துவிடும். 105 டிகிரியில் காய வைப்பதும் உண்டு. அது ஈரத்தை அளக்கத் தனியே எடுத்த சிறு பகுதிக்கு மட்டுமே உரியது.

உலர்ந்ததை 2 மில்லிமீட்டர் துளையுள்ள தட்டு வழியே அரைத்து, பின்னர் 20 கண், 80 கண் சல்லடைகளில் சலிக்கிறார்கள். அச்சில் பல்லை எண்ணிப் பழகிய நெசவாளருக்கு இதை விளக்க வேண்டியதில்லை: ஓர் அங்குலத்தில் எத்தனை கண் என்பதே எண். 20 கண்ணில் இறங்கி 80 கண்ணில் தங்குவது பகுப்பாய்வுக்கு ஏற்ற பருவம். இறங்கிய நுண்தூளில் சாம்பல் மிகுதி. அதற்காக வீசி எறியக் கூடாது. எடை பார்த்துத் தனியே வைக்க வேண்டும். இவ்வேலை முழுவதும் சோதனைச்சாலையைச் சேர்ந்தது. சங்கத்தார் தாமே மாவு மில்லில் கொடுத்து அரைத்து அனுப்புவது வேண்டாத உதவி. முன்பு அரைத்த மிளகாயும் உடன் போகும். அங்கே 72 சதவிகிதக் கந்தக அமிலத்தில் ஊற வைத்து, நீர் விட்டுத் தணித்து வேக வைத்து, எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு லிக்னின் என்று பிரிப்பார்கள். 575 டிகிரியில் எரித்துச் சாம்பலை நிறுப்பார்கள்.

மேற்கூறிய உலர்த்தும் விதி திப்பிக்கு எப்போதும் பொருந்தாது. எரிவாயு உற்பத்திக்காகச் சோதிப்பதாயின் அதனை ஈரமாகவே அனுப்ப வேண்டும். ஆலையிலிருந்து வெளிவரும் திப்பியில் பெரும்பகுதி நீர். எஞ்சியதில் மாவு மிகுதி. நமது வெயிலில் விரைவில் புளிக்கத் தொடங்கும். புளித்ததை உலர்த்தினால், எரிவாயுவாக மாறக்கூடிய அமிலங்களில் ஒரு பகுதி ஆவியாகிப் போய்விடும்; திப்பி தன் உண்மைத் தகுதியைவிடக் குறைவாக மதிக்கப்படும். எனவே அன்றைய திப்பியை அன்றே எடுத்து, காற்றுப் புகாத டப்பியில் அடைத்து, பனிக்கட்டியிட்ட பெட்டியில் அனுப்புவதே முறை. எரிப்பதற்கா, எத்தனாலுக்கா, எரிவாயுவுக்கா என்று சோதனைச்சாலைக்கு முன்கூட்டியே கடிதம் எழுதிக் கேட்டுக்கொள்வது நலம்.

நூல் கொள்முதலில் நெசவாளர் சங்கங்கள் கடைப்பிடிக்கும் ஒரு வழக்கம் இங்கும் உதவும். பருத்தி நூல் காற்றின் ஈரத்தை ஏற்பதால், உலர்ந்த எடைக்கு 8.5 சதவிகிதம் ஈரம் என்பதை வாணிபத்தில் ஒப்புக்கொண்ட அளவாகக் கொள்கிறார்கள். வாங்குபவரோடு செய்யும் ஒப்பந்தத்திலும், விலை உலர்ந்த எடைக்கா, ஏற்றிய எடைக்கா, ஈரம் எந்த இடத்தில் எவரால் அளக்கப்படும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

கடைசியாக நாற்கூறிட்ட மாதிரியை மூன்றாகப் பங்கிடுங்கள். ஒன்று சோதனைச்சாலைக்கு, ஒன்று வாங்குபவருக்கு, மூன்றாவது சங்கத்திற்கு. பயிர், ரகம், கிராமம், அறுத்த தேதி, மாதிரி எடுத்த தேதி, பச்சை எடை, உலர்ந்த எடை, எடுத்தவர் கையொப்பம் ஆகியவற்றைச் சீட்டில் எழுதி, பையினுள் ஒன்றும் வெளியே ஒன்றுமாக இணைத்து, இரு தரப்பார் முன்னிலையில் அரக்கு முத்திரையிட வேண்டும். இவ்விவரங்களையே சங்கத்தின் பதிவேட்டிலும் ஏற்றி, பட்டுவாடா முடியும் வரை மூன்றாவது பையைச் செயலாளர் பூட்டின் கீழ் வைத்திருப்பாராக.