லீவுக்கு 26, ஓ.டி-க்கு 30... உங்க கடை சம்பளக் கணக்கு சரியா இருக்கா?

மாசக் கடைசி ராத்திரி. ஷட்டரைப் பாதி இறக்கியாச்சு. கல்லாப்பெட்டிக்கு மேலே மாட்டியிருக்கும் மாதக் காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சம்பளக் கணக்குப் போட உட்காருகிறீர்கள். கட்டங்களுக்குள் பென்சிலில் 'க லீவு', 'ச ½', 'ம லேட்' என்று கிறுக்கல்கள். 14-ம் தேதி கட்டத்தில் ஏதோ எழுதி, அப்புறம் அழித்த மாதிரி இருக்கிறது. அழித்தது நீங்களா, உங்கள் கணவரா, ஞாபகமில்லை.

"அக்கா, 14-ம் தேதி நான் வந்தேனே. அன்னிக்குத்தானே அந்தக் கல்யாண பிளவுஸ் எல்லாம் முடிச்சுக் கொடுத்தேன்?"

உங்களிடம் பதில் இல்லை. அவரிடமும் சாட்சி இல்லை. குரலை யார் உயர்த்துகிறார்களோ, அவர்கள் பக்கம் அன்றைக்கு நியாயம் போய்விடும்.

சென்னையில் வீட்டு மாடியிலேயே தையல் யூனிட் நடத்தும் ஒருவரை எனக்குத் தெரியும். அவரிடம் எட்டு வருஷம் இருந்த கட்டிங் மாஸ்டர், ஒன்றரை நாள் சம்பளத் தகராறில் நின்றுவிட்டார். "பணம் பெரிசில்லைங்க. நான் ஏமாத்திட்டேன்னு நினைச்சுக்கிட்டே போயிட்டாரே, அதைத்தான் தாங்க முடியலை" என்றார். உண்மையில் யார் கணக்கு சரி என்று இன்றுவரை இருவருக்குமே தெரியாது. அந்த வருஷத்துக் காலண்டர் ஜனவரியிலேயே பழைய பேப்பரோடு போய்விட்டது.

ஐந்து பேர், எட்டு பேர், பன்னிரண்டு பேர் வேலை பார்க்கிற கடை, பேக்கரி, பியூட்டி பார்லர், பொட்டிக் நடத்துபவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. பெரிய கம்பெனிக்கு ஹெச்.ஆர் இருக்கிறார், சாஃப்ட்வேர் இருக்கிறது. உங்களுக்கு இருப்பது நம்பிக்கை மட்டும்தான். அந்த நம்பிக்கைக்கும் ஒரு நோட்டு வேண்டும்.

சட்டம் யார் பக்கம் கேள்வி கேட்கும்?

பலருக்குத் தெரியாத விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, 'எனக்குச் சம்பளம் தரவில்லை' அல்லது 'குறைத்துக் கொடுத்தார்கள்' என்று ஒரு தொழிலாளி மனு போட்டால், 'கொடுத்துவிட்டேன்' என்று நிரூபிக்க வேண்டியவர் முதலாளிதான். தரவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழிலாளிக்கு இல்லை. மனு போட மூன்று வருஷம் அவகாசமும் உண்டு.

அதாவது, நீங்கள் நேர்மையாகக் கையில் எண்ணிக் கொடுத்த பணம், எழுத்தில் இல்லையென்றால் கொடுக்காத பணம் மாதிரிதான். 'நம்ம பொண்ணுதானே, அதுகிட்ட போய் கையெழுத்து வாங்கறதா?' என்று கூச்சப்படுபவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். கையெழுத்து கேட்பது அவமானப்படுத்துவது ஆகாது. நாளைக்கு உங்களுக்குள் சண்டை வராமல் இருக்க இரண்டு பேரும் சேர்ந்து செய்கிற ஏற்பாடு அது.

நோட்டு எப்படி இருக்கணும்?

ஒரு லாங் சைஸ் நோட்டு போதும். ஆளுக்கு ஒரு பக்கம். தேதி, வந்த நேரம், போன நேரம், சாப்பாட்டு இடைவேளை, கையெழுத்து. கடைசியில் குறிப்புக்கு ஒரு கட்டம். அவ்வளவுதான்.

நோட்டை யார் எழுதுகிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. வந்த நேரத்தையும் போன நேரத்தையும் வேலை பார்ப்பவரே தன் கையால், அந்தந்த நேரத்தில் எழுத வேண்டும். சனிக்கிழமை உட்கார்ந்து மொத்த வாரத்துக்கும் 9.30, 9.30, 9.30 என்று நிரப்புகிற பதிவேட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். நிஜமான நோட்டில் 9.34 இருக்கும், 9.51 இருக்கும், ஒரு நாள் டீ கொட்டிய கறை இருக்கும். பென்சில் வேண்டாம், பேனாதான். தப்பாக எழுதிவிட்டால் ஒயிட்னர் போடாதீர்கள். ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, இருவரும் சின்னதாகக் கையெழுத்துப் போட்டால் போதும்.

இடைவேளையைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் (1947) ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்கிறது. தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்குவதென்றால் நடுவில் ஒரு மணி நேரம் ஓய்வு தர வேண்டும். கவுன்ட்டருக்குப் பின்னாலேயே டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, இரண்டு வாய்க்கு ஒரு கஸ்டமரைப் பார்ப்பது ஓய்வில் சேராது. அதை இடைவேளை என்று நோட்டில் எழுதினால் அது பொய்க்கணக்கு.

விரல்ரேகை மெஷின் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். வாங்கலாம். ஆனால் பாத்திரம் தேய்க்கிற, மாவு பிசைகிற, சோப்புத் தண்ணீரிலேயே நிற்கிற கைகளில் ரேகை தேய்ந்துபோயிருக்கும். மெஷின் நாலு தடவை 'மறுபடி முயற்சிக்கவும்' என்று சொல்லும். ஆள் வந்திருப்பார், பதிவில் வந்திருக்க மாட்டார். சாயங்காலம் கிளம்பும்போது விரல் வைக்க மறந்தால் தானாகவே 'அரை நாள்' என்று போட்டுவிடுகிற செட்டிங்கும் சில மெஷின்களில் உண்டு. மெஷின் வைத்தாலும் பக்கத்தில் நோட்டு இருக்கட்டும்.

26-ஆ, 30-ஆ?

இங்கேதான் பாதி சண்டை. உதாரணத்துக்கு மாதச் சம்பளம் 15,600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஞாயிறு விடுமுறை. 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் சம்பளம் 600. 30-ஆல் வகுத்தால் 520. மூன்று நாள் சம்பளமில்லாத லீவு என்றால் ஒரு கணக்கில் 1,800 பிடிக்க வேண்டும், இன்னொரு கணக்கில் 1,560. வித்தியாசம் 240 ரூபாய்.

எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் வேலைக்குச் சேரும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். பல கடைகளில் நடப்பது என்னவென்றால், லீவு போட்டால் பிடிப்பதற்கு 26. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு வேலை வாங்கினால் கொடுப்பதற்கு 30. அதாவது பிடிக்கும்போது 600, கொடுக்கும்போது 520. இதை யாரும் திட்டம் போட்டுச் செய்வதாக எனக்குத் தோன்றவில்லை. கால்குலேட்டரில் எந்த எண் அந்த நேரத்தில் மனசுக்கு இதமாக இருக்கிறதோ, அதை விரல் தானாக அழுத்திவிடுகிறது. ஆனால் எதிரில் நிற்பவருக்கு இது நன்றாகவே தெரியும். சொல்ல மாட்டார், அவ்வளவுதான்.

ஓவர்டைம் என்றால் இரட்டிப்புச் சம்பளம். 600 ரூபாயை 8-ஆல் வகுத்தால் மணிக்கு 75, ஓ.டி-க்கு 150. தீபாவளிக்கு முந்தைய பத்து நாள் ராத்திரி 11 மணி வரை தைக்கச் சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு புடவையும் ஸ்வீட் பாக்ஸும் கொடுத்து 'சரியாப்போச்சு' என்பது கணக்கு ஆகாது. புடவையைத் தாராளமாகக் கொடுங்கள். அது தனி.

'மூணு நாள் லேட்டா வந்தா அரை நாள் கட்' என்று ஒரு விதி பல கடைகளில் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. மூன்று நாளும் பத்துப் பத்து நிமிடம் என்றால் மொத்தம் அரை மணி நேரம். மேலே சொன்ன சம்பளத்துக்கு அதன் மதிப்பு 37 ரூபாய் 50 காசு. நீங்கள் பிடிப்பது 300. வராத நேரத்துக்கு ஏற்ற அளவில்தான் சம்பளத்தைப் பிடிக்க வேண்டும் என்பது சட்டம். லேட்டாக வருவது உண்மையிலேயே பிரச்னை என்றால் அந்த நிமிடங்களைக் கழியுங்கள், கூப்பிட்டுப் பேசுங்கள். பெரும்பாலும் பஸ் ஒன்று நின்றுபோயிருக்கும், இல்லையென்றால் பிள்ளையின் ஸ்கூல் நேரம் மாறியிருக்கும்.

அட்வான்ஸுக்குத் தனிப் பக்கம்

நோட்டின் பின்பக்கத்திலிருந்து அட்வான்ஸ் கணக்கை ஆரம்பியுங்கள். தேதி, தொகை, மாதாமாதம் எவ்வளவு பிடிப்பது, மீதி, கையெழுத்து. எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பதையும் கவனத்தில் வையுங்கள்.

தீபாவளிக்குக் கொடுத்த 5,000 போனஸா, அட்வான்ஸா? கொடுக்கும்போது வாயைத் திறந்து சொல்லாவிட்டால், வாங்கியவர் போனஸ் என்று நினைத்துச் செலவு செய்திருப்பார். நீங்கள் டிசம்பரில் அட்வான்ஸ் என்று பிடிப்பீர்கள். இந்த ஒரு குழப்பத்தினாலேயே பொங்கலுக்கு ஊருக்குப் போன ஆள் திரும்பி வராத கடைகள் எத்தனையோ.

ஜிபே வந்தபிறகு இது இன்னும் சிக்கலாகிவிட்டது. உங்கள் போனில் சார்ஜ் இல்லை என்று கணவர் போனிலிருந்து 3,000, அப்புறம் 2,000, அடுத்த வாரம் ரொக்கமாக மீதி. ஆறு மாதம் கழித்து பேங்க் ஸ்டேட்மென்ட்டைப் பார்த்தால் எது எதற்கென்று யாருக்கும் புரியாது. ஒரே கணக்கிலிருந்து அனுப்புங்கள், 'சம்பளம் - ஜூன்' என்று குறிப்பில் எழுதுங்கள். ரொக்கம் என்றால் கையெழுத்து. 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் போய்விட வேண்டும். வேலையை விட்டு நிற்பவருக்கு இரண்டு வேலை நாள்களுக்குள் கணக்கை முடிக்க வேண்டும்.

10 பேர் ஆயிட்டாங்களா?

கடையில் பத்தாவது ஆள் சேருகிற நாள் முக்கியமான நாள். இ.எஸ்.ஐ வந்துவிடும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருப்பவர்களுக்கு, அவர்கள் பங்கு 0.75 சதவிகிதம், உங்கள் பங்கு 3.25 சதவிகிதம். நம் 15,600 சம்பளத்துக்கு அவரிடமிருந்து 117 ரூபாய், உங்களிடமிருந்து 507 ரூபாய். அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் கட்ட வேண்டும். (பி.எஃப் 20 பேரிலிருந்து.)

பணத்தைவிட இங்கே நாள் கணக்குதான் முக்கியம். இ.எஸ்.ஐ-க்கு மாதாமாதம் அனுப்பும் கணக்கில், ஒவ்வொருவருக்கும் எத்தனை நாள் சம்பளம் கொடுத்தீர்கள் என்று எழுத வேண்டும். உடம்பு முடியாமல் படுத்தால் சம்பளத்தில் 70 சதவிகிதம் வரை, வருஷத்துக்கு 91 நாள் வரை உதவித்தொகை கிடைக்கும். அதற்கு, ஏப்ரல் - செப்டம்பர் அல்லது அக்டோபர் - மார்ச் என்ற ஆறு மாதக் கணக்கில் குறைந்தது 78 நாள் பதிவாகியிருக்க வேண்டும். பிரசவ கால உதவிக்கு, முந்தைய இரண்டு ஆறு மாதக் கணக்கில் 70 நாள்.

உங்கள் ஆடிட்டர் ஆபீஸ் பையனிடம் போனில் குத்துமதிப்பாக 'பத்து நாள்னு போட்டுக்கோப்பா' என்று சொல்கிறீர்கள். ஆறு மாதமும் அப்படியே போனால் 60 நாள்தான். அந்தப் பெண் உண்மையில் 100 நாள் வந்திருப்பார். ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் வீட்டில் இருக்கும்போது, தகுதி இல்லை என்று பதில் வரும். நீங்கள் மிச்சம் பிடித்தது சில நூறு ரூபாய்.

'மூணு மாசம் பார்த்துட்டு அப்புறமா இ.எஸ்.ஐ-ல சேர்த்துக்கலாம்' என்பதும் ஆபத்து. சேர்ந்த முதல் நாளே கிரைண்டரில் கை மாட்டிக்கொண்டால்? வேலையில் ஏற்படும் காயத்துக்கு முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு. சேர்ந்த தேதி நோட்டில் சரியாக இருந்து, பதிவும் உடனே செய்திருந்தால், ஆஸ்பத்திரியில் ஓடி அலைய வேண்டியதில்லை.

பத்துப் பேர் இருந்தால் பணிக்கொடையும் உண்டு. ஒரு வருஷ சேவைக்கு 15 நாள் சம்பளம், 26-ஆல் வகுத்த கணக்கில். 600 பெருக்கல் 15, வருஷத்துக்கு 9,000. எட்டு வருஷம் என்றால் 72,000 ரூபாய். பொதுவாக ஐந்து வருஷம் முடித்திருக்க வேண்டும், ஒரு வருஷத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் அது தொடர்ச்சியான வருஷமாகக் கணக்கு. அந்த 240 நாளை எங்கிருந்து எண்ணுவீர்கள்? பழைய பேப்பர் கடைக்குப் போன காலண்டரிலிருந்தா? அதனால் ஆள் வேலையில் இருக்கும்வரை நோட்டுகளைத் தூக்கிப்போடாதீர்கள். நின்றபிறகும் மூன்று வருஷமாவது பரணில் கிடக்கட்டும்.

வேலை பார்ப்பவர்களும் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளலாம். வந்த நேரம், போன நேரம், வாங்கிய பணம். கடை நோட்டை மாதம் ஒருமுறை போனில் போட்டோ எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. எடுக்க விடாத முதலாளி என்றால், ஏன் என்று கொஞ்சம் யோசிக்கலாம்.

வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்கள் 'நமக்கு இதெல்லாம் இல்லை' என்று நினைக்க வேண்டாம். ஐந்து பேருக்கு மேல் இல்லாத வீட்டு வேலைக்குப் பதிவேடு கட்டாயமில்லைதான். ஆனால் கேட்டால் சம்பளம் கொடுத்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். ஃபிரிட்ஜ் மேல் ஒரு 40 பக்க நோட்டு போதும்.

ஒன்றாம் தேதி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இன்றைக்கே கோடு போட்டுவிடலாம். பழைய அட்வான்ஸ் பாக்கி குழப்பமாக இருந்தால், ஒவ்வொருவராக உட்காரவைத்து, 'இன்னிக்குத் தேதிக்கு மீதி இவ்வளவு' என்று பேசி முடித்து, முதல் வரியில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். ஐந்நூறு, ஆயிரம் விட்டுக்கொடுக்க வேண்டி வந்தால், விட்டுக்கொடுப்பது நீங்களாக இருங்கள்.