மாங்காய் பழுக்கும் வேகமும் அதனை நிர்ணயிக்கும் காரணங்களும்

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டினம், போச்சம்பள்ளி, ஊத்தங்கரை முதலிய பகுதிகளில் மாந்தோப்பு உடையவர்களுக்குச் சித்திரை முதல் ஆனி வரையிலுள்ள மூன்று மாதங்களே ஆண்டு முழுவதற்குமான வரும்படியைத் தீர்மானிக்கின்றன. காய்ப்பு நன்றாக இருந்தும், பறித்த பின் நேரும் சேதத்தினாலும், அவசரப்பட்டுப் பழுக்க வைப்பதினாலும் இலாபத்தை இழப்போர் பலர். பறித்த காயினுள் நிகழும் இரசாயன மாறுதல்கள் எவற்றால் விரைவடைகின்றன, எவற்றால் தணிகின்றன என்பதைத் தெரிந்துகொண்டால் இந்நஷ்டத்தில் பெரும் பகுதியைத் தவிர்க்கலாம்.

பழுத்தல் என்பது யாது?

விளைந்த மாங்காயில் மாவுச்சத்து நிறைந்துள்ளது. பழுக்கும்போது அது சர்க்கரையாக மாறுகிறது, புளிப்பு குறைகிறது, சதையை இறுக்கிப் பிடித்திருக்கும் பெக்டின் என்னும் பொருள் சிதைந்து காய் மிருதுவாகிறது, பச்சை நிறம் மறைந்து மஞ்சள் நிறம் தோன்றுகிறது. இவை யாவும் இரசாயன மாறுதல்களே. காய் மரத்தை விட்டுப் பிரிந்த பின்னும் பிராணவாயுவை உட்கொண்டு கரியமிலவாயுவை வெளிவிட்டுச் சுவாசித்துக்கொண்டே இருப்பதால், இம்மாறுதல்கள் பறித்த பின்னும் தொடர்கின்றன.

இரசாயன மாறுதல்களின் வேகத்தை அளக்கலாம் என்பதை 1850-ஆம் ஆண்டில் வில்ஹெல்மி என்னும் ஜெர்மானிய அறிஞர் மெய்ப்பித்தார். அவர் ஆராய்ந்ததும் நம் குடியானவர்கள் நன்கறிந்த ஒரு பொருளையே. கரும்புச் சர்க்கரை அமிலத்தில் எவ்வளவு விரைவாக மாறுபடுகிறது என்பதை அவர் கணக்கிட்டார். இவ்வேகத்தை நிர்ணயிக்கும் முக்கியக் காரணங்களை ஒவ்வொன்றாகக் காண்போம்.

1. உஷ்ணம்

உஷ்ணம் சென்டிகிரேடு அளவில் 10 டிகிரி உயருமானால் இத்தகைய மாறுதல்களின் வேகம் ஏறக்குறைய இரண்டு அல்லது மூன்று மடங்காகும். உஷ்ணத்திற்கும் வேகத்திற்கும் உள்ள தொடர்பை வாண்ட் ஹாஃப் என்பவர் 1884-இலும், அர்ரேனியஸ் என்பவர் 1889-இலும் விளக்கினர். கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 2,900 அடி உயரத்திலுள்ள ஓசூரின் குளிர்ந்த காற்றில் காய் மெல்லப் பழுப்பதும், அதனினும் தாழ்ந்து வெப்பம் மிகுந்த கிருஷ்ணகிரிச் சமவெளியில் விரைந்து பழுப்பதும் இதனாலேயே.

காயைக் குவியலாகப் போட்டால் அது சுவாசிப்பதால் உண்டாகும் வெப்பம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். அவ்வெப்பம் சுவாசத்தை மேலும் தூண்டும். மேலும் வெப்பம் பிறக்கும். கூழ்த் தொழிற்சாலை வாயிலில் பகல் முழுவதும் வெயிலில் காத்து நிற்கும் லாரியில் நடுவிலுள்ள காய்கள் முதலில் கெடுவதன் காரணம் இதுவே. ஆயினும், மிகுந்த குளிரும் மாங்காய்க்கு ஆகாது. சுமார் 13 டிகிரிக்குக் கீழே நெடுநாள் வைத்தால் தோல் கறுத்து, காய் சரிவரப் பழுக்காமற் போகும்.

2. சேரும் பொருளின் செறிவு

ஒன்றோடொன்று சேர்ந்து மாறும் பொருள்கள் ஓரிடத்தில் எவ்வளவு செறிந்துள்ளனவோ அவ்வளவு விரைவாக மாறுதல் நடக்கும். பழுத்தலைத் தொடங்கி வைப்பது எதிலீன் என்னும் வாயு. கனிகள் தாமே இவ்வாயுவை உண்டாக்குகின்றன என்பது 1934-இல் நிரூபிக்கப்பட்டது. நம் முன்னோர் வைக்கோல் பரப்பி அறையை மூடிக் காயைப் பழுக்க வைத்ததும், வாழைத்தாருக்குப் புகை போட்டதும் இவ்வாயுவைச் செறிய வைக்கும் உபாயங்களே. கூடையில் ஒரு கனி பழுத்திருந்தால் மற்றவையும் விரைந்து பழுக்கும். ஆகையால் தூரத்திற்கு அனுப்பும் சரக்கிலிருந்து பழுத்தவற்றை முன்னதாகவே நீக்கிவிட வேண்டும்.

3. மேற்பரப்பு

பொருள் சிறு துகள்களாக உடையும்போது அதன் மேற்பரப்பு பெருகி, மாறுதல் விரைவாகிறது. கட்டியாக இடும் ஜிப்ஸத்தைவிடப் பொடித்து இட்டது மண்ணில் சீக்கிரம் பயன் தருவது இதனாலேயே. காய் அடிபட்டு நசுங்கினாலும் இதுவே நிகழ்கிறது. உள்ளிருந்த சாறு காற்றோடு கலந்து, அவ்விடம் முதலில் கறுத்து அழுகுகிறது. ஆதலின் காயை உலுக்கி வீழ்த்தாமல், வலைப்பை கட்டிய துரட்டியால் சிறிது காம்போடு பறித்தல் நலம்.

4. ஊக்கிகள்

தான் செலவாகாமல் பிற பொருள்களின் மாறுதலை விரைவாக்கும் பொருளை ஊக்கி என்பர். காயினுள் மாவைச் சர்க்கரையாக்கும் என்ஸைம்கள் இவ்வகையின. அளவான வெப்பத்தில் இவை சுறுசுறுப்பாக வேலை செய்யும். வெப்பம் மிகுந்தால் அழிந்துபோகும். கிருஷ்ணகிரித் தொழிற்சாலைகளில், தோத்தாபுரி என்றும் பெங்களூரா என்றும் வழங்கும் கிளிமூக்கு மாம்பழத்தின் கூழைக் கொதிநிலைக்குச் சற்றுக் குறைவாகச் சூடாக்கி அடைக்கின்றனர். அச்சூட்டில் கிருமிகளும் என்ஸைம்களும் ஒருங்கே செயலிழப்பதால் கூழ் பல மாதம் கெடாதிருக்கிறது.

கார்பைடு கல்லின் கேடு

விரைவில் பணமாக்கும் எண்ணத்தால் சிலர் கால்சியம் கார்பைடு கல்லைக் காய்களின் நடுவே வைக்கின்றனர். அது ஈரத்தோடு சேர்ந்து அசிடிலின் வாயுவையும் வெப்பத்தையும் வெளியிடுகிறது. அசிடிலின் எதிலீனைப் போன்றே வேலை செய்யினும் அதனினும் வலிமை மிகக் குறைந்தது. எளிதில் தீப்பற்றி வெடிக்கக்கூடியது. கடைகளில் கிடைக்கும் கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் ஆகிய நஞ்சுகளும் சிறிது கலந்திருக்கும். 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை விதிகள் இக்கல்லால் பழுக்க வைத்த பழங்களை விற்பதைத் தடை செய்துள்ளன.

இதில் கவனிக்க வேண்டிய உண்மை ஒன்றுண்டு. எந்த ஊக்கியும் வேகத்தை மட்டுமே கூட்டும். இல்லாத பொருளை உண்டாக்காது. முற்றாத காயில் மாவுச்சத்து நிறைந்திராது. அதனைக் கல் வைத்துத் தூண்டினால் தோல் மஞ்சளாகும். உள்ளே புளிப்பே நிற்கும். நிறத்தைக் கண்டு ஒரு முறை வாங்கியவர் மறுமுறை வாங்கார். ஓசூர் வழியே பெங்களூர்ச் சந்தைக்குச் செல்லும் சரக்கில் சிலர் செய்யும் இப்பிழையால் இவ்வட்டாரத்து மாங்கனி அனைத்திற்கும் அவப்பெயர் நேரும்.

செய்ய வேண்டியவை

காய் முற்றியதா என்பதை, காம்படியின் இருபுறமும் தோள் உயர்ந்திருப்பதாலும், நீரிலிட்டால் மூழ்குவதாலும் அறியலாம். மிதக்கும் காயைப் பழுக்க வைக்க வேண்டாம். வெயில் ஏறுமுன் பறித்து நிழலில் வைத்து, காற்றோட்டமுள்ள பெட்டிகளில் அடுக்குக. குவியலாகக் கொட்டுவதை அறவே விடுக.

விரைவாகவும் ஒரே சீராகவும் பழுக்க வேண்டுமாயின் எதிலீன் அறையைப் பயன்படுத்தலாம். பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு வரை எதிலீன் வாயு இருக்கலாம் என 2016-இல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதித்துள்ளது. அறையின் உஷ்ணம் சுமார் 20 டிகிரியாக இருத்தல் வேண்டும். சேரும் கரியமிலவாயுவை அவ்வப்போது வெளியேற்ற வேண்டும். தனித்தனியே அறை கட்ட இயலாத சிறு நிலக்காரர்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகச் சேர்ந்து ஒன்று அமைத்துக்கொள்ளலாம்.

கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் பருவம் தொடங்குமுன் இவ்விஷயங்களைக் கிராமக் கூட்டங்களில் எடுத்துரைப்பது பெரிதும் பயன்படும். கார்பைடு கல் விற்பனை தெரியவந்தால் உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு உடனே அறிவித்தல் வேண்டும். உஷ்ணமும், காற்றும், அடுக்கும் முறையும் நம் கையில் உள்ளவை. அவற்றை முறைப்படி ஆண்டால், மரம் தந்த இனிப்பு குறையாமல் சந்தையைச் சேரும்.